தேடி வராத உரிமை: வாகன ரீகாலும் வண்டி உரிமையாளரும்

2021 செப்டம்பர் 3 அன்று மாருதி சுசூகி நிறுவனம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. 2018 மே 4 முதல் 2020 அக்டோபர் 27 வரை தயாரான சியாஸ், எர்டிகா, விட்டாரா பிரெஸ்ஸா, எஸ்-கிராஸ், எக்ஸ்.எல்.6 ஆகியவற்றின் பெட்ரோல் வண்டிகள் 1,81,754-ஐத் திரும்ப அழைப்பதாகவும், அவற்றின் மோட்டார் ஜெனரேட்டர் யூனிட்டைச் சோதித்து, குறை இருந்தால் செலவில்லாமல் மாற்றித் தருவதாகவும் அது சொன்னது. பாகம் மாற்றும் வேலை நவம்பர் முதல் வாரத்தில்தான் தொடங்கும். அதுவரை தண்ணீர் தேங்கிய இடங்களில் வண்டியை ஓட்ட வேண்டாம், மின் பாகங்களின் மீது நேரடியாகத் தண்ணீர் பீய்ச்ச வேண்டாம் என்றும் எச்சரித்தது.

அந்த நவம்பர் 6 இரவு தொடங்கிய மழை, 2015-க்குப் பிறகு சென்னை பார்த்த பெருமழை. பாகம் மாற்றும் வேலை தொடங்க வேண்டிய அதே வாரம். தி.நகரிலும் கொளத்தூரிலும் தண்ணீரில் ஊர்ந்த கார்களுக்கிடையே அந்த எச்சரிக்கைக்கு உரிய கார்களும் இருந்திருக்கும். டீலரிடம் வாங்கி, அங்கேயே சர்வீஸ் விட்டு, செல்போன் எண்ணையும் மாற்றாமல் வைத்திருந்தவருக்குக் குறுஞ்செய்தி வந்திருக்கும். அவரிடமிருந்து வண்டியை வாங்கி, வீட்டுக்குப் பக்கத்து மெக்கானிக்கிடம் விட்டுக்கொண்டிருந்தவருக்கு?

வண்டிகளை இப்படித் திரும்ப அழைக்கும் ரீகால் என்ற ஏற்பாடு முழுவதும் இரண்டு பதிவுகளை நம்பி நிற்கிறது. இந்த வண்டி இன்று யார் கையில் இருக்கிறது என்பது ஒன்று. ஓட்டுகிறவர் இந்த வண்டியில் என்ன கோளாறைக் கண்டார் என்பது மற்றொன்று. நம் நாட்டில் ரீகால் சட்டம் எழுத்தில் வலுவாகவே இருக்கிறது. அது செயல்படத் தேவையான இந்த இரண்டு பதிவுகள்தான் அரைகுறையாகக் கிடக்கின்றன. குறை தங்களுடையது என்று நிறுவனமே ஒப்புக்கொண்ட பிறகும், அதைச் சரிசெய்துகொள்ளும் உரிமை உரியவரின் வாசலுக்கு வந்து சேராமல் போவது இதனால்தான்.

அமெரிக்காவில் வாகனப் பாதுகாப்புச் சட்டம் 1966-லேயே வந்துவிட்டது. அதற்கு முந்தைய ஆண்டு ரால்ஃப் நேடர் எழுதிய நூல் கார் நிறுவனங்களை உலுக்கியிருந்தது. இந்தியாவில் அதற்குப் பின் அரை நூற்றாண்டு வரை ரீகாலுக்கெனத் தனிச் சட்டப்பிரிவு கிடையாது. 2012 ஜூலையில் இந்திய வாகன உற்பத்தியாளர் சங்கமான சியாம் தன் உறுப்பினர்களுக்காகத் தானே ஒரு நெறிமுறையை வகுத்தது. ஏழு ஆண்டுகளுக்கு உட்பட்ட வண்டிகளில் பாதுகாப்புக் குறை கண்டால் நிறுவனம் தானாக முன்வந்து சரிசெய்ய வேண்டும் என்பது அதன் சாரம். முன்வராவிட்டால் என்ன என்பதற்கு அதில் விடை இல்லை. அடுத்த ஆண்டே பெரிய ரீகால்கள் வந்தன. ஜூலையில் ஜெனரல் மோட்டார்ஸ் 1.14 லட்சம் டவேரா வண்டிகளையும், செப்டம்பரில் ஃபோர்டு இந்தியா 1,66,021 ஃபிகோ, கிளாசிக் கார்களையும் திரும்ப அழைத்தன. பின் அச்சுப் பகுதியிலும் பவர் ஸ்டியரிங் குழாயிலும் குறை காணப்பட்ட அந்த ஃபோர்டு கார்கள் நம் மறைமலை நகர் ஆலையில் உருவானவை.

2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது 110ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. வண்டி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் இதை ஒருமுறையாவது தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு வகை வண்டியிலுள்ள குறை, ஓட்டுபவருக்கோ பயணிக்கோ சாலையில் செல்லும் மற்றவருக்கோ சுற்றுச்சூழலுக்கோ தீங்கு விளைவிக்கக்கூடும் என்றால், அந்த வகை வண்டிகளைத் திரும்ப அழைக்கும்படி மத்திய அரசு உற்பத்தியாளருக்கு ஆணையிடலாம். குறை வண்டியில் இல்லாமல் ஒரு பாகத்தில் இருந்தால், அந்தப் பாகம் பொருத்தப்பட்ட எல்லா வண்டிகளையும் அழைக்கச் சொல்லலாம். அப்படி அழைக்கப்பட்ட வண்டிக்கு உற்பத்தியாளர் முழு விலையைத் திருப்பித் தரலாம். இல்லையென்றால் அதே தரத்திலோ அதைவிட மேலான தரத்திலோ வேறு வண்டி தர வேண்டும், அல்லது பழுது நீக்கித் தர வேண்டும். விலையைத் திருப்பித் தரும்போது வண்டி மீது வங்கிக் கடன் இருந்தால் அந்த ஒப்பந்தமும் கணக்கில் வரும்.

வாரண்டி முடிந்துவிட்டது, வெளியே சர்வீஸ் விட்டிருக்கிறீர்கள், நீங்கள் முதல் ஓனர் இல்லை என்று சர்வீஸ் சென்டர் கவுண்டரில் சொல்லக் கேட்டவர்கள் நிறையப் பேர். சாதாரணப் பழுதுக்கு இவை காரணங்களாக இருக்கலாம். பாதுகாப்பு ரீகாலுக்கு இவை எதுவும் காரணமே அல்ல. குறை ஆலையில் இருந்த நாளிலேயே வண்டிக்குள் போய்விட்டது. வண்டி கைமாறியதால் அது குறை இல்லை என்று ஆகிவிடாது.

110ஏ பிரிவின் நான்காம் உட்பிரிவு நிறுவனங்களின் போக்கை நன்றாக விளக்குகிறது. குறையை உற்பத்தியாளரே கண்டு, அரசுக்குத் தெரிவித்து, தானே ரீகாலைத் தொடங்கினால் அபராதம் கிடையாது. செய்தித்தாளில் நாம் பார்க்கும் ரீகால் அறிவிப்புகளில் தன்னிச்சையாக என்ற சொல் தவறாமல் இடம்பெறுவதற்கு இதுவும் ஒரு காரணம். இந்தச் சலுகையை நான் குறை சொல்லமாட்டேன். மறைப்பதைவிடச் சொல்வது லாபம் என்று ஒரு நிறுவனம் கணக்குப் போட்டால் அது ஓட்டுபவருக்கு நல்லதுதான். எதிர்ப்பக்கத் தட்டில் வைக்கப்பட்ட எடைதான் போதவில்லை. 2021 மார்ச்சில் வெளியாகி ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, வண்டியின் வகையையும் எண்ணிக்கையையும் பொறுத்து 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதம். ஒரு லட்சம் கார்கள் சம்பந்தப்பட்ட ஒரு விவகாரத்தில் உச்ச அபராதமே விதிக்கப்பட்டாலும், கார் ஒன்றுக்கு 100 ரூபாய் ஆகிறது. ஒரு காற்றுப்பையை மாற்றும் செலவோடு இதை ஒப்பிடவே முடியாது.

அதே விதிகளில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. பலரும் கவனிக்காதது அதுதான். எத்தனை புகார்கள் வந்தால் அரசு விசாரணைக்குப் போகும் என்பதை, வண்டியின் வகையையும் ஆண்டு விற்பனையையும் வைத்து அவை அட்டவணை போட்டிருக்கின்றன. அதாவது இங்கே புகார்தான் அலகு. வண்டி உரிமையாளர் புகாரைப் பதிவுசெய்ய மத்திய அரசின் வாகன் தளத்தில் ரீகாலுக்கெனத் தனிப் பகுதி உண்டு. அதில் பதிவான புகார்தான் அரசின் எண்ணிக்கையில் சேரும். ஓடிக்கொண்டிருக்கும்போது எஞ்சின் திடீரென்று அணைந்துவிடுகிறது என்று சர்வீஸ் அட்வைசரிடம் வாயால் சொல்லி, அவர் பார்த்துக்கொள்கிறேன் சார் என்று தலையாட்டி, மாலையில் வண்டியை எடுத்துக்கொண்டு வீடு திரும்பினால் அந்தக் குறை எங்கேயும் இல்லை. அதே கோளாறு திருச்சியில் நான்கு பேருக்கும் கோவையில் ஆறு பேருக்கும் வந்திருக்கலாம். ஒருவரை ஒருவர் அறியமாட்டார்கள். அறிந்திருக்கக்கூடிய ஒரே இடம் நிறுவனத்தின் சர்வர்.

ஆகவே கோளாறு என்று வண்டியை விடும்போது ஜாப் கார்டில் அது உங்கள் சொற்களிலேயே எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பொதுச் சோதனை என்று எழுதியிருந்தால் திருத்தச் சொல்லுங்கள். எந்த வேகத்தில், எத்தனை கிலோமீட்டர் ஓடிய நிலையில், மழையிலா வெயிலிலா என்பதெல்லாம் வர வேண்டும். பிரேக், ஸ்டியரிங், எரிபொருள் கசிவு, தீ, காற்றுப்பை, ஓடும்போது எஞ்சின் அணைதல் ஆகியவற்றில் ஒன்றாக இருந்தால் அன்றைக்கே வாகன் தளத்திலும் பதிவுசெய்யுங்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்த புகாரை யாரும் எண்ணப்போவதில்லை.

இனி, ரீகால் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதிவு எண்ணை வைத்து அல்ல. ஆலைக்கு அந்த எண் தெரியாது. ஆலைக்குத் தெரிந்தது பதினேழு எழுத்தும் எண்ணும் கலந்த சேஸ் நம்பர். ஆர்.சி.யிலும் இன்சூரன்ஸ் பாலிசியிலும் அச்சாகியிருக்கும். ஆனால் வண்டியில் பொறித்திருப்பதையும் ஒருமுறை நேரில் பார்த்துவிடுவது நல்லது, முக்கியமாகப் பழைய வண்டி வாங்கும்போது. பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் ஹேண்டில்பாரை ஒரு பக்கமாக முழுக்கத் திருப்பினால், ஹெட்லைட்டுக்குப் பின்னால் வண்டிச் சட்டகத்தின் கழுத்துப் பகுதியில் தெரியும். கிரீஸும் புழுதியும் அப்பி மூடியிருக்கும். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்துவிட்டு, மெல்லிய தாளை அதன் மேல் ஒட்டிப் பிடித்துக்கொண்டு பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் எழுத்துகள் வெள்ளையாக எழுந்து வரும். ஆர்.டி.ஓ. அலுவலக வாசலில் காலங்காலமாக எடுக்கப்படும் அதே பென்சில் பிரிண்ட்தான். கார்களில் இது மாடலுக்கு மாடல் மாறும்: முன் இருக்கையின் கீழே தரைவிரிப்பில் வெட்டிவிடப்பட்ட சிறு மடிப்புக்கு அடியில் இருக்கலாம், பானெட்டுக்குள் இருக்கலாம்.

படிக்கும்போது ஒரு விஷயம் நினைவில் இருக்கட்டும். ஐ, ஓ, க்யூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகளும் இந்த எண்ணில் வரவே வராது. வட்டமாகத் தெரிவது பூஜ்யம். நேர்கோடாகத் தெரிவது ஒன்று. முதல் மூன்று எழுத்துகள் யார் தயாரித்தது என்பதைச் சொல்லும். மாருதிக்கு எம்.ஏ.3, இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் ஹூண்டாய்க்கு எம்.ஏ.எல்., டிவிஎஸ்ஸுக்கு எம்.டி.6, ராயல் என்ஃபீல்டுக்கு எம்.இ.3. கடைசி எண்கள் அந்த வண்டியின் வரிசை எண். ரீகால் அறிவிப்பில் இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை தயாரான வண்டிகள் என்று சொன்னாலும், உண்மையில் ஆலை பார்ப்பது இந்த வரிசையைத்தான். உங்கள் வண்டி 2021-இல் பதிவானது என்பதால் 2020-இல் தயாரான வண்டிகளின் ரீகாலிலிருந்து தப்பிவிட்டதாக ஆகாது. ஸ்டாக்யார்டில் சில மாதம் நின்றுவிட்டு வந்த வண்டியாக இருக்கலாம்.

இந்த எண் கையில் இருந்தால் மீதி வேலை சில நிமிடம்தான். பெரிய நிறுவனங்களின் இணையதளத்தில் ரீகால் அல்லது சர்வீஸ் கேம்பெயின் என்ற பகுதியில் எண்ணைக் கொடுத்தால் ஆம், இல்லை என்று வந்துவிடும். சியாம் சங்கமும் தன் உறுப்பு நிறுவனங்களின் ரீகால்களைத் தன் தளத்தில் தொகுத்து வெளியிடுகிறது. இணையம் பழக்கமில்லாதவர் எந்த ஊரிலும் அந்த நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்கு ஆர்.சி. நகலுடன் போய்க் கேட்கலாம். வாங்கிய டீலரிடமே போக வேண்டும் என்பதில்லை. இல்லை என்ற பதில் இன்றைய நிலவரம் மட்டுமே. அடுத்த மாதம் புதிய ரீகால் வரலாம். வருடத்துக்கு ஒருமுறை, இன்சூரன்ஸ் புதுப்பிக்கும் நாளில் இதையும் பார்த்துவிட்டால் மறக்காது.

அறிவிப்பு எவ்வளவு கடுமையானது என்பதைப் படித்துப் பார்ப்பதும் முக்கியம். எல்லா ரீகாலும் ஒன்றல்ல. 2023 ஜனவரியில் மாருதி 17,362 வண்டிகளை அழைத்தபோது, காற்றுப்பையை இயக்கும் கன்ட்ரோலர் மாற்றப்படும் வரை வண்டியை ஓட்டவே வேண்டாம் என்றது. அந்த வண்டிகள் அதற்கு முந்தைய டிசம்பர் 8-க்கும் ஜனவரி 12-க்கும் இடையில் தயாரானவை. ஷோரூம் வாசனை போகாத வண்டிகள். புது வண்டிக்கு ரீகால் வராது என்பது தவறான நம்பிக்கை.

எங்கேயோ நடந்தது, நமக்கென்ன என்று தள்ளிவிட முடியாத ஒரு விவகாரம் டகாட்டா காற்றுப்பை. ஜப்பானைச் சேர்ந்த டகாட்டா, உலகின் பெரிய கார் நிறுவனங்கள் பலவற்றுக்குக் காற்றுப்பை செய்து கொடுத்தது. மோதல் நடந்த நொடியில் பையை ஊதவைக்கும் வாயுவை உண்டாக்க அது அம்மோனியம் நைட்ரேட்டைப் பயன்படுத்தியது. மலிவானது, கச்சிதமானது. ஆனால் அந்த வேதிப்பொருள் ஈரத்தை இழுக்கும். பகலில் சூடேறி இரவில் ஆறி, காற்றின் ஈரத்தையும் உறிஞ்சி, ஆண்டுக்கணக்கில் இது நடக்கும்போது அழுத்திச் செய்த வில்லைகள் உள்ளுக்குள் நொறுங்குகின்றன. நொறுங்கிய வில்லை நிதானமாக எரியாது, ஒரேயடியாக எரியும். அழுத்தம் தாங்காமல் உலோக உறை வெடித்து, சிதறல்கள் ஓட்டுநரின் கழுத்திலும் முகத்திலும் பாயும். உயிர் காக்க வைத்த பொருள் சின்ன மோதலிலேயே உயிரெடுத்தது. அமெரிக்காவில் மட்டும் பையை ஊதவைக்கும் இன்ஃப்ளேட்டர்கள் சுமார் 6.7 கோடி ரீகாலுக்கு உள்ளாயின. டகாட்டா 2017-இல் அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு ஜூனில் திவாலானது.

அமெரிக்க அதிகாரிகள் மாநிலங்களை வெப்பமும் ஈரமும் வைத்து மண்டலங்களாகப் பிரித்து, ஃபுளோரிடா போன்ற கடலோரப் பகுதிகளுக்கு முன்னுரிமை கொடுத்தார்கள். அமெரிக்காவுக்கு வெளியே மலேசியாவில் சாவுகள் நேர்ந்தன. அமெரிக்க மண்டலப் பிரிப்பின் தர்க்கத்தை அப்படியே நம் கடற்கரைக்கு நீட்டினால் சென்னை, கடலூர், நாகப்பட்டினம், தூத்துக்குடி எல்லாம் முதல் மண்டலத்தில் விழும். மே மாத வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் இருக்கும் சூடும், இரவு முழுவதும் விலகாத கடல் ஈரமும் ஆண்டு முழுக்க அந்த வில்லைகளைப் பதம் பார்க்கின்றன. ஹோண்டா கார்ஸ் இந்தியா இந்தக் காற்றுப்பைகளுக்காக 2016 ஜூலையில் 1,90,578 கார்களையும், 2017 ஜனவரியில் 41,580 கார்களையும், 2018 ஜனவரியில் 22,834 கார்களையும் அழைத்தது. இவை 2012, 2013 மாடல்களும் அதற்கு முந்தையவையும். இன்றைக்கு இவற்றில் பல மூன்றாவது, நான்காவது கையில் இருக்கும். விலை படிந்தது, மைலேஜ் பரவாயில்லை என்று வாங்கும் ஒரு குடும்பத்தின் முதல் கார் இதில் ஒன்றாக இருக்கலாம். டகாட்டா குறை வயதாக ஆகக் கூடுகிறது. ஆனால் நம் விதிகளின் கட்டாய ரீகால், ஏழு ஆண்டுக்கு உட்பட்ட வண்டியோடு நின்றுவிடுகிறது. இந்த வரம்பை எந்தப் பொறியியல் காரணத்தை வைத்தும் நியாயப்படுத்த முடியாது என்பது என் கருத்து. பழைய காரில் போகிறவரின் உயிர் எந்த வகையிலும் மலிவானதல்ல.

இலங்கையில் இது வேறு வடிவம் எடுக்கிறது. அங்கே ஓடும் கார்களில் ஜப்பானில் ஓடிவிட்டு ரீகண்டிஷன் செய்து இறக்கப்பட்டவை ஏராளம். ஜப்பானின் உள்நாட்டு வண்டிகளுக்குப் பதினேழு எழுத்து எண் கிடையாது. மாடல் குறியீடு, ஒரு சிறு கோடு, வரிசை எண் என்ற அமைப்பு. டொயோட்டா அக்வாவென்றால் என்.எச்.பி.10 என்று தொடங்கும். அந்த எண்ணை ஜப்பானிய நிறுவனத்தின் உள்நாட்டுத் தளத்தில்தான் தேட வேண்டும். கப்பலேறும் முன் ரீகால் வேலை முடிந்ததா என்று இறக்குமதியாளரிடம் எழுத்தில் கேட்காமல் வாங்குவது ஆபத்து.

காரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் நம் சாலையின் பாதி உண்மை விடுபட்டுவிடும். இங்கே பெரும்பாலோரின் வண்டி இருசக்கர வாகனம். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ராயல் என்ஃபீல்டு 2021 மே மாதம் இக்னிஷன் காயில் குறைக்காக மீட்டியோர், கிளாசிக், புல்லட் வண்டிகள் 2,36,966-ஐ ஏழு நாடுகளில் அழைத்தது. எஞ்சின் தடுமாறலாம், அரிதாக மின்கசிவும் ஏற்படலாம் என்றது. பாகம் மாற்ற வேண்டியவை பத்து சதவீதத்துக்கும் குறைவாகவே இருக்கும் என்றும் மதிப்பிட்டது. இந்தப் பத்தில் ஒன்று எது என்பது சோதித்தால்தானே தெரியும்? முதல் மூன்று இலவச சர்வீஸ் முடிந்ததும் கம்பெனி சர்வீஸ் பக்கமே போகாதவர்கள் இருசக்கர வாகனக்காரர்களில் அதிகம். தெருமுனை மெக்கானிக்கின் கைத்திறனை நான் மதிக்கிறேன். பல சமயம் கம்பெனி ஆளைவிட அவருக்கு வண்டி நன்றாகத் தெரியும். ஆனால் ரீகால் சுற்றறிக்கை அவர் கடைக்கு வராது.

மின்சார ஸ்கூட்டர்கள் வந்தபின் இந்த அபாயம் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. 2022 மார்ச் கடைசியில் வேலூரில் சார்ஜ் போட்டிருந்த ஸ்கூட்டர் தீப்பற்றி, புகையில் மூச்சுத்திணறித் தந்தையும் மகளும் இறந்தார்கள். அடுத்த சில வாரங்களில் ஒகினாவா 3,215 வண்டிகளையும், ப்யூர் இ.வி. 2,000 வண்டிகளையும், ஓலா 1,441 வண்டிகளையும் சோதனைக்காக அழைத்தன. பேட்டரிப் பாதுகாப்புத் தரவிதிகள் அந்த ஆண்டு டிசம்பரிலிருந்து கடுமையாக்கப்பட்டன. மின்சார வண்டியில் குறை மென்பொருளிலும் இருக்கலாம். நம் விதிகள் மென்பொருள் குறையையும் குறையாகவே கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. ஆகவே, அப்டேட் போட்டுவிட்டோம் என்று சொன்னாலும் எதற்கான அப்டேட் என்று எழுதி வாங்க வேண்டும்.

எழுதி வாங்குவது எல்லா ரீகாலுக்கும் பொருந்தும். வண்டியை எடுக்கும்போது ரீகால் எண் அல்லது கேம்பெயின் எண், மாற்றிய பாகத்தின் எண், தேதி, ஓடிய கிலோமீட்டர், கட்டணம் பூஜ்யம் என்ற வரி ஆகியவை உள்ள பில்லைக் கேளுங்கள். வழக்கமான சர்வீஸோடு சேர்த்துச் செய்துவிட்டோம் என்பது போதாது. வண்டியை விற்கும்போதும், நாளை அதே பாகம் மறுபடி பழுதானாலும் அந்தத் தாள்தான் பேசும். ரீகால் வருவதற்கு முன்பே அதே குறைக்காகச் சொந்தக் காசில் பாகம் மாற்றியிருந்தால் அந்தப் பழைய பில்லையும் பத்திரப்படுத்துங்கள். பணத்தைத் திருப்பிக் கேட்க அது ஆதாரம்.

ரீகால் வராமலே விபத்து நடந்துவிட்டால்? 2015 ஆகஸ்டில் வாங்கிய ஒரு ஹூண்டாய் கிரெட்டா 2017 நவம்பரில் டெல்லி–பானிபட் நெடுஞ்சாலையில் மோதியது. காற்றுப்பைகள் விரியவில்லை, உரிமையாளர் பலத்த காயமடைந்தார். டெல்லி மாநில நுகர்வோர் ஆணையம் 3 லட்சம் ரூபாய் இழப்பீடும் வேறு வண்டியும் தரச் சொன்னது. நிறுவனம் தேசிய ஆணையத்துக்கும், பிறகு உச்ச நீதிமன்றத்துக்கும் போனது. மோதலின் விசை பைகள் விரியும் அளவுக்கு இல்லை என்பது அதன் வாதங்களில் ஒன்று. 2022 ஏப்ரல் 20 அன்று நீதிபதிகள் வினீத் சரண், அனிருத்தா போஸ் அமர்வு அதை ஏற்கவில்லை. வேகத்தையும் விசையையும் இயற்பியல் சூத்திரம் போட்டுக் கணக்கிடும் நிபுணராகக் கார் வாங்குபவர் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது என்பதே அந்தத் தீர்ப்பின் மையம். பாதுகாப்பு அம்சத்தை விளம்பரப்படுத்தி விற்ற பொருள், சாதாரண மனிதர் நியாயமாக எதிர்பார்க்கும் அளவுக்காவது வேலை செய்ய வேண்டும்.

இன்றைய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 இதை இன்னும் தெளிவாக்கியிருக்கிறது. உற்பத்திக் குறை, வடிவமைப்புக் குறை, போதிய எச்சரிக்கை தராமை ஆகியவற்றால் தீங்கு நேர்ந்தால் உற்பத்தியாளர் பொறுப்பு. வழக்கை உங்கள் ஊர் மாவட்ட ஆணையத்திலேயே போடலாம். நிறுவனத்தின் தலைமையகம் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பார்க்கலாம். ஆட்டோவும் டாக்ஸியும் தொழிலுக்கு வாங்கியவை, நீங்கள் நுகர்வோர் அல்ல என்று சொன்னால் அப்படியே ஏற்றுக்கொள்ளாதீர்கள். தன் பிழைப்புக்காகத் தானே ஓட்டுகிறவரைச் சட்டம் நுகர்வோராகவே பார்க்கிறது.

ஒரு கதவு மட்டும் நம்மால் அடைபடக்கூடும். தீங்கு நேர்ந்தபோது பொருள் மாற்றியமைக்கப்பட்டிருந்தால் அதை நிறுவனம் எதிர்வாதமாக வைக்கலாம். வயரிங்கை வெட்டிக் கூடுதல் விளக்கு போடுவதும், காற்றுப்பை உள்ள இருக்கைக்கு இறுக்கமான உறை தைப்பதும், ஸ்கூட்டர் பேட்டரியை வெளியே பிரித்துப் பார்ப்பதும் அந்த வாதத்துக்குத் தீனி போடும் வேலைகள்.

மீண்டும் முதல் பதிவுக்கு வருவோம்: வண்டி யாரிடம் இருக்கிறது? பழைய வண்டி வியாபாரத்தில் 29, 30 படிவங்களில் கையெழுத்து வாங்கிக்கொண்டு பெயர் மாற்றாமலே இரண்டு கை, மூன்று கை தள்ளிவிடுவது சகஜம். மாநிலத்துக்குள் நடக்கும் விற்பனை என்றால் விற்றவர் 14 நாளிலும், வாங்கியவர் 30 நாளிலும் தெரிவிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. விபத்து நடந்தால் பதிவேட்டில் பெயர் உள்ளவரே பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. விற்றவருக்கு அது ஆபத்து என்றால், பெயர் மாற்றாமல் வாங்கி ஓட்டுகிறவருக்கு இது ஆபத்து: அவருடைய வண்டியின் எச்சரிக்கை வேறொருவரின் வாசலுக்குப் போகிறது.

வேறு நாடுகள் இதைப் பதிவேட்டின் வழியாகவே அடைத்திருக்கின்றன. ஜெர்மனியில் கூட்டாட்சி மோட்டார் போக்குவரத்து அலுவலகத்தின் பதிவேட்டிலுள்ள உரிமையாளர் முகவரிக்கே ரீகால் கடிதம் போகிறது. தொடர்ந்து அலட்சியம் செய்தால் வண்டியை ஓட்டத் தடை வரலாம். ஜப்பானில் 2018 மே முதல், ஆபத்து அதிகமுள்ள டகாட்டா காற்றுப்பையை மாற்றாத கார் கட்டாயப் பரிசோதனையில் தேறாது. நம்மிடம் வாகன் பதிவேடு இருக்கிறது, அதில் சேஸ் நம்பரும் செல்போன் எண்ணும் இருக்கின்றன, பெயர் மாற்றமும் எஃப்.சி.யும் அதன் வழியாகவே நடக்கின்றன. நிறுவனங்கள் தரும் ரீகால் பட்டியலை அந்தப் பதிவேட்டோடு இணைத்து, இன்றைய உரிமையாளருக்கு அரசே செய்தி அனுப்ப வேண்டும். பெயர் மாற்றத்தின்போதும் எஃப்.சி.யின்போதும் பாக்கியுள்ள ரீகால் திரையில் வர வேண்டும். வண்டி மீது வங்கிக் கடன் இருந்தால் வாங்குகிறவருக்குத் தெரியட்டும் என்று ஆர்.சி.யில் ஹைப்பாதிகேஷன் என்று ஒரு வரி போடுகிறோம். முடிக்காத ரீகாலுக்கும் அங்கேயே, அதற்கு அடுத்த வரியில் இடம் தர வேண்டும்.